இடம் வலம்

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.
தேர்தலுக்குத் தேர்தல் கிருஷ்ணகிரிச் சுவர்களில் மட்டும்
வந்து நின்றுவிட்டுப் போகும்.

லண்டன்பேட்டை காயலான் கடையில்
முனிரத்தினம் வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயரோடு
இனாமாய்க் கிடைத்த இசைத்தட்டில்
ஒரு ரயில் இருந்தது.
பாட்டு இல்லை. ஸ்டீரியோ என்றால் இன்னதென்று
காட்டுவதற்காகவே பதிந்த தட்டு.
இடது பெட்டியில் புறப்பட்டு
வீட்டு நடுவே நுழைந்து
வலது பெட்டியில் போய்ச் சேர வேண்டும்.

பதினெட்டு கிலோ. எடைக்குத்தான் விலை பேசினான்.
பெங்களூரில் யாரோ பங்களா இடித்ததில் வந்ததாம்.
இரும்புத் தகட்டின்மேல் ஆறு கண்ணாடி வால்வு.
ஸ்விட்ச் போட்டதும் பேசிவிடாது.
இழை சிவக்கவேண்டும். அரை நிமிஷம்.
பிறகு அடித்தொண்டையில் ஒரு உறுமல்.
"அதுக்குள்ள என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல. காத்தைக்கூட உறிஞ்சி எடுத்துட்டாங்க.
ஒண்ணுமில்லாததாலதான் வேலை செய்யுது."

முதல் நாள் ரயில் இடதோடு நின்றுபோனது.
வலது பெட்டி ஊமை.
பழையபேட்டையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் இனாயத்
போனில் சொன்னார்:
இடத்து வால்வை வலத்துல போடு, வலத்தை இடத்துல.
ஊமை கூடவே நகர்ந்தா கோளாறு வால்வுல.
அங்கேயே நின்னா வயரிங்ல.
வால்வை வையாதே.

நகர்ந்தது.
உச்சியில் வெள்ளிப்பூச்சு பாலாய் வெளுத்த ஒரு வால்வு,
எங்கோ மயிரிழை விரிசலில் காற்று புகுந்திருக்கிறது.
மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு நான் பார்த்த ஓவர்டைம்
எஸ்.பி. ரோட்டிலிருந்து
பஞ்சு சுற்றிய புது வால்வாய் வந்து இறங்கியது.

ரயில் கிளம்பிற்று.
டம்ளர் நடுங்கியது.
காலண்டரைத் தாண்டி, என் முழங்காலைத் தாண்டி,
பீரோவுக்குள் போய் மறைந்தது.
நான் சிரித்தேன்.
"வந்துச்சு," என்றான் அவன். "போகலையே."

பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரி, பதினோரு வருஷம்.
கம்ப்ரஸர் அவன் வலப்பக்கம்.
அந்தக் காதில் நான் பேசியே நாலு வருஷமாகிறது,
சோறு போடுவதுகூட இடப்பக்கம் நின்று.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு
சுவரைப் பார்க்க உட்கார்ந்தான்.
இப்போது அவனுக்கு
ரயில் பாதி வழியில் எங்கிருந்தோ முளைத்தது.
"பாரேன், கோளாறு உன்கூடவே நகருது," என்றேன்,
விளையாட்டாய்.
வாயை விட்டு வந்தபிறகுதான் உறைத்தது.
கம்பெனி டாக்டரும் இதையேதான்
எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்:
பிறவிக் குறை.

தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது,
கர்ரக், கர்ரக்.
எடுக்க எழுந்தவன் பாதியில் நின்றான்.

"என் இடத்துல ஒரு பையனப் போட்டாங்களே."
"ஒடிசாக்காரன். குலமணி."
"அவனுக்கு எந்தக் காது?"

போன வாரம் சந்தையில்
குலமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு
இடது காதை நீட்டி
வெங்காயம் விலை கேட்டான்.
கடைக்காரர் மூன்று முறை சொன்னார்.
திமிர் என்று நினைத்துவிட்டு வந்திருந்தேன்.

வால்வை மாற்றியிருக்கிறார்கள்.
ஊமை அங்கேயே நிற்கிறது.

அன்று ஞாயிறு. விடிந்தால் கலெக்டர் ஆபீஸில் மனுநாள்.
முழுத்தாளில் 'ஐயா' வரைக்கும் எழுதிவிட்டு
உட்கார்ந்திருந்தோம்.
ரயிலைப் பற்றி எழுதலாமா என்று கேட்டான்.
வேண்டாம், குலமணி போன் நம்பரைக் கண்டுபிடி என்றேன்.
அவனுக்கு முன்னால் யார், அந்த ஆள் பெயர் என்ன,
அதையும்.

அணைத்து வெகுநேரமாகியும்
தகட்டின்மேல் கைவைக்க முடியவில்லை.